மரத்த காலும் கழுத்துக் கட்டியும்



கால் மரத்தால் நாம் சர்க்கரையின்மேல் பழி போடுகிறோம்; அன்றேல் நரம்புத் தளர்ச்சியென்று லேகியம் தேடுகிறோம். பெரும்பாலும் சர்க்கரையே காரணம் என்பது மெய்தான். ஆயினும், பாஸ்டன் நகரத்துக் காஸில்மன் என்னும் மருத்துவ அறிஞர் 1954இல் எடுத்துரைத்த அரிய நிணநீர்க் கணு நோய் ஒன்றுண்டு. அதன் ஒரு வகையில், நெறி கட்டியது கண்ணிற் படுமுன்பே இரு பாதங்களும் மரத்து, சில திங்களில் வலுவிழத்தல் உண்டு. செருப்புக் கழன்றதும் தெரியாது! தோல் கறுக்கும், உடல் மெலியும்.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே நரம்புக்கு ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையமும், புற்றுநோய்க்கு மண்டல மையமும் உள்ளன. நாமோ மரத்த காலை ஒரு மருத்துவரிடமும், கழுத்துக் கட்டியை வேறொருவரிடமும் காட்டுகிறோம். கறுத்த தோலை எவரிடமும் சொல்வதில்லை. மூன்றையும் ஒருவரிடமே உரைத்தாலன்றோ, அவர் கணுவை அறுத்தெடுத்து நுண்ணோக்கியில் ஆராய முற்படுவார்? ஒரே கணுவில் அடங்கிய நோயாயின், அதனை நீக்கினாலே பெரும்பாலும் குணமாகும். தளர்ந்த நரம்பு தேறுவதற்கு மட்டும் மாதங்கள் பல பிடிக்கும்.