சீட்டில் எழுதிய சொல்லும் நாம் எடுத்துக்கொள்ளும் பொருளும்
(நமது சங்கக் கூட்டத்தில் பேசியது)



பரிசோதனைச் சீட்டு கைக்கு வந்ததும் தெருவில் படித்த பிள்ளை யார் இருக்கிறது என்று தேடுகிறோம். அதில் தப்பில்லை. பாதி புரிந்த சொல்லுக்கு நாமே பொருள் சொல்லிக்கொள்வதுதான் ஆபத்து.

சளிப் பரிசோதனையில் 'நெகடிவ்' என்று வந்தால் சிலர் முகம் வாடிவிடுகிறது. தேடிய கிருமி அந்தச் சளியில் தென்படவில்லை என்பதுதான் அதன் பொருள். ஆனாலும் இருமல் நிற்காவிட்டால் மறுபடி போய்க் காட்ட வேண்டும்.

'எச்பிஏ1சி' என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி. முதல் நாள் ராத்திரி பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. 6.5 சதவீதமும் அதற்கு மேலும் சர்க்கரை நோய் என்று கணக்கு.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 'வாதம்' என்ற சொல்லைப் பற்றி. முழங்கால் வலித்தாலும் வாதம் என்கிறோம், ஒரு பக்கம் கை கால் விழுந்தாலும் வாதம் என்கிறோம். பெயர் ஒன்றாக இருப்பதால் வைத்தியமும் ஒன்று என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவிக்கொண்டு, விடியட்டும் என்று இருந்துவிடுகிறோம். பக்கவாதம் கை காலில் வந்த நோயே அல்ல. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது அல்லது வெடிப்பது. டாக்டர்கள் 'ஸ்ட்ரோக்' என்பது இதைத்தான். அடைப்பா, கசிவா என்று ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை ஆரம்பித்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நரிக்குடியிலிருந்து ஸ்கேன் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரமும் அந்த நாலரை மணியில்தான் அடங்கும்.

வாய் ஒரு பக்கம் கோணினால், கையைத் தூக்கச் சொல்லி ஒன்று இறங்கினால், பேச்சு குழறினால் உடனே 108க்குப் போன் போடுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். விழுங்க முடியாமல் புரையேறும், அதனால் தண்ணீர்கூடப் புகட்ட வேண்டாம். வீட்டில் கிடக்கும் பிரஷர் மாத்திரையையும் கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் தமிழில் சொல்ல முடியுமா என்று ஒரு தம்பி கேட்டார். அமெரிக்காவிலிருந்து வந்த டாக்டர் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். அவருடைய 'இரண வைத்தியம்' 1867இல் அச்சானது. அதனால் "எனக்கு என்ன நோய், தமிழில் சொல்லுங்கள்" என்று டாக்டரிடம் கேட்க நீங்கள் கூச்சப்பட வேண்டாம்.

சீட்டு கொண்டுவந்தவர்கள் எடுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.