பத்தைக் கட்டு, கட்டைப் பிரி



1977 கலவரத்துக்குப் பிறகு நம்ம தோட்டத்துச் சனங்கள் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறினார்கள். அப்படியான குடியிருப்பொன்றில் பின்னேர வகுப்பு நடத்தியபோது நாங்கள் கண்டதைச் சொல்கிறோம்.

52இல் 27 போனால் எவ்வளவு என்று கேட்டோம். பாதிப் பிள்ளைகள் 35 என்றார்கள். 2இல் 7 போகாது என்றதும், 7இல் இருந்து 2ஐக் கழித்துவிட்டார்கள்.

நாங்கள் ஏசவில்லை. விளக்குமாத்து ஈர்க்கை ஒடித்து, பத்துப் பத்தாகக் கட்டச் சொன்னோம். ஐந்து கட்டு, உதிரி இரண்டு. ஒரு கட்டைப் பிரித்தால் உதிரி 12. அதில் 7 போக 5. மிச்சம் நாலு கட்டில் 2 போக 2. விடை 25. “கடன் வாங்குறதுன்னா கட்டைப் பிரிக்கிறதா?” என்று ஒரு பிள்ளை கேட்டது. அதுதான்!

கூட்டும்போது பிரிக்காமல் கட்ட வேண்டும். காலைக் கொழுந்து 18 கிலோ, பின்னேரம் 9 கிலோ. உதிரி 17இல் பத்தைக் கட்டினால் இரண்டு கட்டு, 7 உதிரி. ஆக 27.

வீட்டில் உங்கள் நிறுவைத் துண்டைப் பிள்ளையிடம் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள். அம்மா பறித்ததில் ஒரு கிலோ விடுபட்டாலும் பிள்ளை கண்டுபிடிக்கும். இன்றைக்கு ராவே நாலு ஈர்க்கை ஒடித்துக்கொண்டு பிள்ளையோடு உட்காருங்க.