முதலில் பம்ப், அப்புறம்தான் எஞ்சின்

இன்னைக்கு ஜெட் படகு. நியூசிலாந்தின் ஆழமில்லாத ஆறுகளுக்காக பில் ஹாமில்டன் 1950-களில் உருவாக்கியது. படகின் அடியில் தண்ணீரை உறிஞ்சி, பின்னால் பீய்ச்சும்.

என் சின்னப் படகுல பழைய எஞ்சினை எடுத்துட்டு, பவர் கூடினதை மாட்டினேன். தப்பு எங்கேன்னா, எஞ்சினை வசதியான இடத்தில் உட்காரவைத்து, பம்பை அதுக்கேத்த மாதிரி இழுத்தேன். பம்ப் வாயின் முன்விளிம்பு படகின் அடிமட்டத்தைவிட சில மில்லிமீட்டர் கீழே துருத்தி நின்றது.

வைமாகரிரி ஆற்றில் வேகமெடுத்ததும் பம்ப் காற்றை இழுத்தது. எஞ்சின் அலறுது, படகுக்கு உந்துதலே இல்லை. ஜெட் படகுல தண்ணீர் பீய்ச்சாவிட்டால் திருப்பவும் முடியாது. கூழாங்கல் திட்டில் ஏறித்தான் நின்றேன். பக்கத்தில் என் பையன்.

எல்லாத்தையும் கழற்றினேன். முதலில் பம்ப் வாயை அடிமட்டத்தோடு சமமாகப் பொருத்தினேன். பிறகு அதன் தண்டைப் பார்த்து எஞ்சினை வைத்தேன். யுனிவர்சல் ஜாயின்ட் இரண்டிலும் கோணம் சமமா இருக்கணும். ஆனா பூஜ்யமா இருக்கக்கூடாது, ஊசி பேரிங் ஒரே இடத்தில் தேயும். பின்பாரம் கூடியதால் பேட்டரியை முன்னே நகர்த்தினேன்.

இம்பெல்லரும் புது எஞ்சினுக்குப் பொருந்தணும். இல்லேன்னா கூடின பவர் வீண். அதை அடுத்த எபிசோடுல பேசுவோம்.