குளிர்காலக் காலையும் டீசல் வண்டியும்

வட இந்தியாவில் பிக்கப் என்னும் சிறு சரக்கு வண்டியை வைத்துப் பிழைக்கும் நம்மவர் பலர், மார்கழி, தை மாதங்களில் ஒரே குறையைக் கூறக் கேட்கிறோம். விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி எளிதில் கிளம்புவதில்லை. கிளம்பினாலும், நின்ற நிலையில் சீராக ஓடாமல் உதறுகிறது, வெண்புகையைக் கக்குகிறது. இரண்டு மூன்று நிமிடங்கள் சென்றதும், ஒன்றுமே நடவாதது போல் அடங்கிவிடுகிறது. பொழுது ஏறிய பின் மெக்கானிக்கிடம் கொண்டு போனாலோ, குறையின் சுவடே இல்லை. அவரும் பாவம், காணாத நோய்க்கு மருந்து சொல்ல வேண்டியவராகி, பம்பையும் இன்ஜெக்டர்களையும் கழற்றிப் பார்க்கலாம் என்கிறார். அது பல்லாயிரம் ரூபாய் விழுங்கும் வேலை. தோசை மாவும் தேங்காயும் கடைகளுக்குக் கொண்டு கொடுத்துக் குடும்பம் நடத்துபவருக்கு அது சிறு தொகையன்று. சில நூறு ரூபாய் பெறும் ஓர் உறுப்பே பல வேளைகளில் இதற்குக் காரணமாக இருப்பதால், அதனை முதலில் சோதிப்பதே முறை.

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி எழுப்பும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் புகும் காற்றைப் பிஸ்டன் அதன் முதல் அளவில் ஏறத்தாழ 16இல் அல்லது 18இல் ஒரு பங்காக நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் அறிவோம். அதே போல், நெருக்குண்ட காற்று 500 டிகிரி செல்சியசுக்கும் மேலாகக் கொதிப்பேற, அதில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஆனால் தில்லியில் சனவரி மாதத்து இரவுகளில் வெப்பம் 4 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. அப்போது சில்லிட்டுக் கிடக்கும் இரும்புச் சுவர்கள் அந்த வெப்பத்தை உறிஞ்சிவிடுகின்றன. டீசல் எரியாமல் வெண்புகையாய் வெளியேறுகிறது.

இக்குறையை ஈடுசெய்யவே ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இதற்கொரு தமிழ்ப் பெயர் ஆக்கிவிடக் கை துறுதுறுக்கத்தான் செய்கிறது; ஆயினும் கடைத்தெருவில் ஹீட்டர் பிளக் என்று கேட்டால்தான் பொருள் கைக்கு வரும். நான்கில் ஒன்று பழுதானால், மூன்று சிலிண்டர்கள் வேலை செய்ய, நான்காவது சண்டித்தனம் செய்கிறது. அதுவே உதறல். மற்ற மூன்றின் சூட்டால் இயந்திரம் வெதுவெதுப்பானதும் நான்காவதும் வழிக்கு வருகிறது. சென்னையில் இதே வண்டி இதே பழுதுடன் ஆண்டுக்கணக்கில் ஓடியிருக்கும். எவரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

சோதனை எளிது. மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும். இயந்திரம் குளிர்ந்திருக்கையில், சாவியை எடுத்துவிட்டு, பிளக்குகளின் தலையில் உள்ள கம்பியை அல்லது பட்டையை நீக்குக. மீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் தலையிலும், மறு முனையை இயந்திரத்தின் வெற்று உலோகத்திலும் வைத்தால், நல்ல பிளக் சுமார் 1 ஓம் அளவோ அதற்குச் சற்று முன்பின்னாகவோ காட்டும். உள்ளே அறுந்துபோன பிளக்கில் மின்னோட்டமே இராது. நான்கு அளவுகளும் ஒன்றையொன்று ஒத்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் வெகுவாக விலகினால் அதனையும் ஐயுறுக. நான்கும் நலமெனில், கம்பியை மீண்டும் பூட்டி, வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி, பாட்டரியின் மின்னழுத்தம் பிளக்குகளுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிடில் பியூஸ், ரிலே ஆகியவற்றில் குற்றம். கண்ணெதிரே எரியும் சுருள் விளக்கை நம்புவதற்கில்லை. சூடேற்றும்படி ஆணை பிறந்தது என்பதையே பல வண்டிகளில் அவ்விளக்கு தெரிவிக்கிறது. சூடேறியது என்பதை அன்று.

புதிய வண்டிகளில், தண்ணீரின் வெப்பத்தை அளக்கும் சென்சார் பொய் சொன்னாலும் இதே விளைவு நேரும். இரவெல்லாம் நின்ற வண்டியில் ஸ்கேனரைப் பொருத்தினால், தண்ணீரின் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 6 டிகிரி, தண்ணீர் 50 டிகிரி என்று காட்டினால் குற்றவாளி அகப்பட்டான்.

புகை கறுப்பாயிருந்தாலும், சூடான பின்னும் உதறல் நீடித்தாலும், கதை வேறு. அப்போது இன்ஜெக்டர்களையும் சிலிண்டரின் அழுத்தத்தையும் பார்க்கத்தான் வேண்டும்.

டீசலிலும் குளிர் விளையாடும். குளிரில் அதிலுள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைக்கிறது. இதனை எண்ணியே இந்தியத் தரநிர்ணயம், வடிகட்டி அடைபடும் வெப்பநிலைக்குக் கோடையில் 18 டிகிரி எனவும், குளிர்காலத்தில் 6 டிகிரி எனவும் வெவ்வேறு உச்ச வரம்பு விதித்துள்ளது. லடாக் பகுதிக்கென்றே 2019ஆம் ஆண்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் தனி டீசலை வெளியிட்டது. மழைக்காலத்தில் நிரப்பிய டீசல் தொட்டியில் எஞ்சியிருக்க, வண்டியைத் தைமாதக் குளிரில் நிறுத்திவைப்பது நன்றன்று.

மெக்கானிக்கிடம் செல்வோர், முதல் நாள் மாலையே வண்டியை அவர் பட்டறையில் விட்டுவிடுதல் நலம். மறுநாள் காலை அவரே சாவியைத் திருப்பிப் பார்க்கட்டும். "சுபஹ் டண்டே மே மிஸ்ஸிங் கர்தீ ஹை, கரம் ஹோனே பர் டீக்" என்று இந்தியில் சொன்னால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது.

பழைய பிளக்கைக் கழற்றும்போது அவசரம் கூடாது. கரி பிடித்த பிளக்கை முரட்டுத்தனமாகத் திருகினால் முனை முறிந்து சிலிண்டருக்குள் விழும். பிறகு ஹெட்டையே கழற்ற நேரிடும். இயந்திரம் வெதுவெதுப்பாக இருக்கையில் சிறிது சிறிதாகத் தளர்த்துக. பெட்ரோல் நனைத்த துணியைக் காற்றுக் குழாயருகில் பிடிப்பதும், தொட்டியின் கீழ்த் தீ மூட்டுவதும் சில இடங்களில் வழக்கம். முன்னது பிஸ்டனை உடைக்கும். பின்னது வண்டியையே கொளுத்திவிடும். கதவடைத்த கொட்டகைக்குள் வண்டியை ஓடவிட்டுச் சூடேற்றுவதோ அதனினும் கொடிது. கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கதவை முழுதும் திறந்த பின்னரே சாவியைத் தொடுக.