தோலுரித்த சுவர்க்கோழிக் குஞ்சை அறிதல்
(ஊவாப் பகுதிக் கமக்காரருக்கு விவசாயப் போதனாசிரியர் ஆற்றிய உரை)



பதுளை, பசறை, வெலிமடைப் பகுதிகளில் மரக்கறிப் பாத்தியைக் கொத்தும்போதும், தேயிலை நாற்றுமேடையருகே சருகைப் புரட்டும்போதும், பால்நிறமான சிறு பூச்சியொன்று தென்படுவதுண்டு. கறையான் பிடித்துவிட்டதென அஞ்சி உடனே நஞ்சைக் கரைத்து ஊற்றுவோரும் உளர். அவசரப்படலாகாது. அது அப்பொழுதுதான் தோலுரித்த தரைச் சுவர்க்கோழிக் குஞ்சாக இருக்கலாம்.

சுவர்க்கோழிக்குக் கூட்டுப்புழுப் பருவம் இல்லை. முட்டையிலிருந்து வரும் குஞ்சு, சிறகு நீங்கலாகத் தாயையே ஒத்திருக்கும். இதனை அணங்கு என்பர். பூச்சியின் மேற்றோல் உடலோடு வளராது. ஆதலின் அணங்கு பலமுறை தோலுரித்தே வளர்கின்றது. புதிய தோல் மென்மையாயும் வெண்மையாயும் இருக்கும். கண்கள் மட்டும் கருத்திருக்கும். சில மணி நேரத்தில் தோல் இறுகிக் கபிலநிறமோ கருநிறமோ அடையும். எனவே நிறத்தை நம்பாது உருவத்தை நோக்குதல் வேண்டும்.

அடையாளங்கள் வருமாறு:

1. உணர்கொம்புகள் மயிர்போல் மெலிந்து நீண்டிருக்கும். கறையானுக்கோ அவை குறுகி, மணி கோத்தாற்போல் இருக்கும்.

2. பின்தொடைகள் பருத்திருக்கும், தோல் இறுகியபின் தாவும். கறையான் தாவாது.

3. வாற்பக்கத்தில் இரு மெல்லிய வால்முனைகள் நீண்டிருக்கும்.

4. முதிர்ந்த அணங்கின் முதுகில் சிறகு மொட்டுகள் காணப்படும். முழுச்சிறகு இன்மையால் அது ஒலி எழுப்பாது.

முன்கால்கள் மண்வெட்டிபோல் அகன்றிருப்பின் அது பிள்ளைப்பூச்சியாகும்.

ஐயம் நீங்காவிடில், பூச்சியை ஈரமண்ணும் சருகும் இட்ட போத்தலில் விட்டு, வாயைத் துணியால் கட்டி நிழலில் வையுங்கள். மறுநாள் நிறம் கருத்திருப்பின் உண்மை விளங்கும். கழற்றிய தோலை அதுவே தின்றுவிடுவதுண்டு. தோல் கிடைக்காததுகொண்டு ஐயுறவேண்டாம்.

தரைச் சுவர்க்கோழிகள் பெரும்பாலும் மட்கிய சருகையும் புல்லையும் உண்பவை. அவற்றின்மீது நஞ்சு ஊற்றினால் காசும் கூலியும் வீணாகும். மழைநீரோடு நஞ்சு சரிவில் இறங்கி, நாம் குடிக்கும் பீலி நீரையும் கெடுக்கும்.

நாற்றுகள் அறுபட்டுக் கிடந்தால், இரவில் விளக்குடன் சென்று அறுப்பது எதுவெனக் காணுங்கள். வெட்டுப்புழுவாகவும், வளை தோண்டும் பெருஞ்சுவர்க்கோழியாகவும் இருக்கக்கூடும். தேயிலையை அழிக்கும் உயிர்மரக் கறையானோ செடியின் தண்டுக்குள் வாழ்வது. அதனைக் கண்டால் பசறையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனையைப் பெறுங்கள்.

முதலில் பூச்சியை அறிவோம். பின்னர் மருந்தை நாடுவோம்.