ஒத்தைக் குழல் துப்பாக்கி: சலுகை அல்ல, சட்டம் தந்த உரிமை!

(காட்டுப்பன்றிப் பிரச்சினைக்காகக் கூட்டப்பட்ட விவசாயிகள் கோரிக்கை மாநாட்டில் சங்கச் செயலாளர் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)



காட்டுப்பன்றியால் நாம் படுகிற பாட்டை எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாம் சொல்லிவிட்டார்கள். நிலக்கடலையைக் கிளறுது, மரவள்ளியைத் தோண்டுது, மக்காச்சோளத்தைச் சாய்க்குது, வாழைக் கட்டையைப் பெயர்க்குது. தின்பது கொஞ்சம், நாசம் பண்ணுவது அதிகம். போன பருவத்தில் என் கடலைக் காட்டிலும் ஒரே ராத்திரியில் கால் ஏக்கர் போச்சு. விடிந்து போய்ப் பார்த்தால் ஏர் ஓட்டின மாதிரி கிடக்குது. இது இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் நடந்ததுதான். அதனால் அழுகையை விட்டுவிட்டு ஒரு கருவியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

ஒத்தைக் குழல் துப்பாக்கி. குழாய் வாய் வழியாக மருந்து போட்டு, கம்பியால் கெட்டித்து, ரவையைப் போட்டு, கேப்பு வைத்து, குதிரையைத் தட்டிச் சுடுகிற துப்பாக்கி. போலீஸ்காரர்கள் எஸ்.பி.எம்.எல். என்று எழுதுவார்கள். ஒரு தடவை சுட்டால் ஒரு வெடிதான். மறுபடி சுட வேண்டுமென்றால் முதலில் இருந்து மருந்து கெட்டிக்க வேண்டும்.

'துப்பாக்கி' என்றதும் சில பேர் முகம் சுளிக்கிறார்கள். சங்கம் ஆயுதம் கேட்குதா என்கிறார்கள். அவர்களுக்குச் சட்டத்தில் இருந்தே பதில் சொல்கிறேன்.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு பயந்துபோன வெள்ளைக்காரன் 1878-ல் ஆயுதச் சட்டம் போட்டான். இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரனுக்கு விதிவிலக்கு. சுதந்திரம் வந்த பிறகு 1959-ல் நம்ம பாராளுமன்றமே புதுச் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தின் 13-வது பிரிவு, 3-வது உட்பிரிவு என்ன சொல்கிறது? உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக, வாய் வழி மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி கேட்கும் குடிமகனுக்கு, தடை ஏதும் இல்லையென்றால் லைசென்ஸ் 'வழங்க வேண்டும்' என்கிறது. 'வழங்கலாம்' என்று இல்லை அய்யா, 'வழங்க வேண்டும்'. கைத்துப்பாக்கியும் ரைஃபிளும் கேட்பவன் எனக்குத் தக்க காரணம் இருக்கிறது என்று அதிகாரிக்கு மெய்ப்பிக்க வேண்டும். பயிரைக் காக்க நிற்கிற சம்சாரியை அந்த வரிசையில் சட்டம் நிறுத்தவில்லை.

அந்தத் துப்பாக்கி போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால், தோட்டா போடுகிற வழுக்குக் குழல் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் கொடுக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது.

இன்னொன்று கேளுங்கள். 14-வது பிரிவு. விண்ணப்பிப்பவனுக்குப் போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸ் மறுக்கக் கூடாது. இது நமக்காகவே எழுதின வரி. ரெண்டு ஏக்கர் மானாவாரிக்காரனும், குத்தகைக்கு உழுகிறவனும் கேட்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். பொது நலனுக்குப் பாதகம் என்றாலொழிய, கேட்டால் அதைச் சுருக்கமாக எழுதிக் கொடுக்க வேண்டும். 18-வது பிரிவில் மேல்முறையீடும் உண்டு.

ஆனால் நடப்பது என்ன? மனு கொடுத்தால் வாங்கி வைப்பார்கள். ரெவின்யூ ரிப்போர்ட் வரவில்லை, போலீஸ் ரிப்போர்ட் வரவில்லை என்று அலைய விடுவார்கள். 'மறுத்துவிட்டோம்' என்று எழுதித் தரவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். எழுதித் தந்தால் அப்பீல் போவோமே! வசதியானவருக்கு அந்தஸ்துக்குச் சுவரில் மாட்ட ரெட்டைக் குழல் இருக்கு. ராத்திரி பரணில் பனியில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தகர டப்பாவும் டார்ச் லைட்டும்தான்.

எதற்கு இந்த எளிய துப்பாக்கியே போதும் என்கிறோம்?

முதலாவது, சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகும். ரைஃபிள் விலை நமக்கு எட்டாது, அதன் தோட்டா அதைவிட எட்டாது. இதில் உள்ளது ஒரு குழாய், ஒரு மரக்கட்டை, ஒரு குதிரை, ஒரு வில். கெட்டுப்போக அதிகம் இல்லை. சுட்ட அன்றைக்கே வெந்நீர் விட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டு வைத்தால் தலைமுறைக்கும் உழைக்கும்.

இரண்டாவது, ஒரே வெடி என்பதுதான் அதன் பலம். கையில் ஒன்றுதான் இருக்கிறது என்று தெரிந்தவன் கண்டபடி சுட மாட்டான். கிட்டே வர விட்டு, இது பன்றிதானா, பக்கத்துத் தோட்டத்து மாடா, தண்ணி கட்டப் போகிற மனுஷனா என்று பார்த்த பிறகுதான் தட்டுவான். ரைஃபிள் குண்டு தப்பினால் நாலு தோட்டம் தாண்டிப் போகும். இதில் போடுகிற ரவை அவ்வளவு தூரம் போகாது. ஊரும் காடும் கலந்து கிடக்கிற நம்ம பக்கத்துக்கு இதுதான் பொருத்தம்.

மூன்றாவது, இதை வைத்துக் கலவரம் பண்ண முடியாது. நீளக் குழலை இடுப்பில் சொருக முடியாது, மருந்து கெட்டிப்பதற்குள் நாலு பேர் பிடித்துக் கட்டிப்போட்டு விடுவார்கள். அதனால்தான் சட்டம் எழுதினவர்கள் இந்த ஒன்றைத் தனியாக எடுத்து உழவனுக்கு என்று வைத்தார்கள்.

நான்காவது, பல நாள் சுடவே தேவை இல்லை. ரவை இல்லாமல் வெறும் மருந்தைப் போட்டு வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தாலே கூட்டம் சிதறி ஓடும். பழைய சேலை கட்டினோம், சலூன் கடை முடியைத் தூவினோம், பாட்டுப் பெட்டி வைத்தோம். நாலு நாளில் பன்றி பழகிவிட்டது. வெடிச் சத்தத்தோடு மருந்து வாடையும் சேர்ந்தால் அவ்வளவு சீக்கிரம் பழகாது.

இதை மறுத்ததால் என்ன நடந்தது? விவசாயி கை சும்மா இருக்குமா? சில பேர் கம்பத்தில் இருந்து நேரடியாகக் கரண்ட் எடுத்துக் கம்பியில் விட்டார்கள். சில பேர் அவுட்டுக்காய் வைத்தார்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் விவசாய நிலத்தில் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் ஒரே இடத்தில் செத்தன. பக்கத்தில் ரெண்டு குட்டிகள் தவித்துக்கொண்டு நின்றதைப் படத்தில் பார்த்தோம். தண்ணி பாய்ச்சப் போன விவசாயிகளும் இப்படிப்பட்ட கம்பியில் செத்திருக்கிறார்கள். கம்பிக்குக் கண் இல்லை. அவுட்டுக்காய்க்கும் கண் இல்லை. பன்றி கடிக்குமா, பசு கடிக்குமா, யானை கடிக்குமா என்று அதற்குத் தெரியாது. துப்பாக்கிக்குப் பின்னால் ஒரு மனுஷன் கண் இருக்கிறது, லைசென்ஸ் புத்தகத்தில் அவன் பெயர் இருக்கிறது, பதில் சொல்ல அவன் இருக்கிறான். காட்டு விலங்கின் மேல் அக்கறை உள்ளவர்களும் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். துப்பாக்கி லைசென்ஸ் கையில் இருந்தாலே பன்றியைச் சுட்டுவிட முடியாது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 11-வது பிரிவில், நிற்கிற பயிருக்கு ஆபத்தாகிவிட்ட விலங்கை வேட்டையாட அனுமதி தரத் தலைமை வனஉயிரினக் காப்பாளருக்கு அதிகாரம் இருக்கிறது. மனசு இருந்தால் வழி இருக்கிறது.

மற்ற மாநிலங்கள் என்ன செய்தன? 2015-ல் பீகாரிலும் 2016-ல் உத்தராகண்டிலும் குறிப்பிட்ட மாவட்டங்களில், குறிப்பிட்ட காலத்துக்குக் காட்டுப்பன்றியைத் தீங்கு விலங்காக மத்திய அரசு அறிவித்தது. கேரளாவில் 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே அதிகாரம் கொடுத்து, லைசென்ஸ் உள்ளவர்களை வைத்துச் சுட வழி செய்தார்கள். விஷம், வெடி, கரண்ட் கூடாது என்றும் சொன்னார்கள்.

நம்ம தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அரசாணை வந்தது. காப்புக்காட்டில் இருந்து 1 கிலோமீட்டர் வரைக்கும் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு மேல் என்றால் வனத்துறையினர் சுடலாம். அரசு இறங்கி வந்ததை வரவேற்கிறோம். ஆனால் பன்றி கிலோமீட்டர் கல்லைப் பார்த்து நடப்பதில்லை. சீமைக் கருவேலம் மண்டின ஓடை, குளத்துக்கரை எல்லாம் அதற்கு வீடாகிவிட்டது. ராத்திரி ரெண்டு மணிக்குப் பன்றி வந்தால் கிராமக் குழுவைக் கூட்டி, எழுதி அனுப்பி, கார்டு வந்து சேர்வதற்குள் அறுவடை முடிந்துவிடும். நமக்கு இல்லை, பன்றிக்கு. வனத்துறை ஆள் எத்தனை பேர், நம்ம கிராமம் எத்தனை? பயிற்சி பெற்ற, லைசென்ஸ் உள்ள விவசாயியைச் சேர்த்துக்கொள்ளாமல் இந்த ஆணை காகிதத்தில்தான் இருக்கும்.

அடுத்து தேர்தல். லைசென்ஸ் வைத்திருக்கிற கொஞ்சம் பேரையும், தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படை என்கிறார்கள். வழக்கில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர் யார் என்று குழு பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்பது தேர்தல் கமிஷனின் வழிகாட்டுதல். இங்கே எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டுகிறார்கள். பன்றிக்குத் தேர்தல் நடத்தை விதி கிடையாதே!

நம்ம ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. லைசென்ஸ் இல்லாத கள்ளத் துப்பாக்கியை யாரும் தொடாதீர்கள். அது ஜெயிலுக்கு வழி. தண்ணி போட்டுவிட்டுத் துப்பாக்கியைத் தொடுகிறவனுக்குச் சங்கம் சிபாரிசு செய்யாது. மருந்து கெட்டித்த துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டு போகக் கூடாது. கறிக்காகக் காட்டுக்குள் போகிறவனுக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை. நாம் கேட்பது நம்ம வரப்புக்குள் நம்ம பயிரைக் காக்கிற உரிமை.

நமது கோரிக்கைகள்:

1. பயிர்ப் பாதுகாப்புக்காக ஒத்தைக் குழல் துப்பாக்கி கேட்கும் மனுக்களுக்கு ஆயுதச் சட்டம் 13(3)-ன்படி காலவரையறை வைத்து உத்தரவு போடு!

2. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடு! சொத்தைக் காட்டி ஏழையை விரட்டாதே!

3. 2016 ஆயுத விதிகள் கேட்கும் பாதுகாப்புப் பயிற்சியை மாவட்டத்திலேயே இலவசமாக நடத்து!

4. 3 கிலோமீட்டருக்கு அப்பால், பயிற்சி பெற்ற லைசென்ஸ் விவசாயிகள் வனத்துறை மேற்பார்வையில் பன்றியைச் சுட அனுமதி கொடு!

5. காட்டை ஒட்டிய விவசாயிகளுக்கு அகழியும், விதிப்படியான சூரிய மின்வேலியும் அரசு செலவில் அமைத்துக் கொடு! பயிர்ச்சேத இழப்பீட்டை அந்தப் பருவத்துக்குள் கொடு!

6. பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ்தாரர்களின் துப்பாக்கிகளைத் தேர்தலின்போது ஒட்டுமொத்தமாகப் பறிக்காதே!

விவசாயிகளே, அடுத்த குறைதீர் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் கூடுவோம். கிராமத்துக்குப் பத்துப் பேராவது மனுவோடு வாருங்கள். சிட்டா, அடங்கல் நகல், சேதமான பயிரின் போட்டோ மூன்றும் கையில் இருக்கட்டும். மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் நகரக் கூடாது. ஒருத்தர் மனுவைக் கிடப்பில் போடலாம். ஆயிரம் மனுவை எந்த அலமாரியில் வைப்பார்கள் என்று பார்ப்போம்.

போராடுவோம், வெற்றி பெறுவோம்.