ராத்திரித் தறியும் ஈறு ரத்தமும்

(மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டாங்க: "பல் துலக்கினா ஈறுல ரத்தம் வருது. தூக்கத்துக்கு விக்கிற மெலடோனின் மாத்திரை ஈறுக்கும் நல்லதாமே, வாங்கலாமா?" காசு போடுறதுக்கு முன்னாடி எல்லாருமே தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் இது.

மெலடோனின் நம்ம உடம்பிலேயே சுரக்கிற ஹார்மோன். இருட்டினதும் மூளையில் உள்ள பினியல் சுரப்பி இதைச் சுரக்கும். வெளிச்சம் பட்டால் குறையும். 1958-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரோன் லெர்னர் குழுவினர் மாட்டின் சுரப்பியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். ரத்தத்திலிருந்து எச்சிலுக்கும் இது வருகிறது.

பல் இடுக்கில் அழுக்கு படிந்தால் கிருமி சேரும். உடம்பு அதோடு போராடும்போது உண்டாகிற சில வேதிப்பொருள்கள் நம்ம ஈறையும் எலும்பையுமே அரிக்கும். அவற்றை அடக்குகிற குணம் மெலடோனினுக்கு உண்டு. ஆன்டி ஆக்சிடன்ட் என்பது இதைத்தான். ஈறு நோய் முற்றியவர்களின் எச்சிலில் மெலடோனின் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அது குறைந்ததால் நோய் வந்ததா, நோயால் அது குறைந்ததா என்பது இன்னும் முடிவாகவில்லை. மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் சிறியவை. அவற்றிலும் பெரும்பாலும், பல் காரையைச் சுத்தம் செய்த பிறகே கொடுத்தார்கள். மாத்திரை காரையைக் கரைக்காது.

முகூர்த்த மாசம் வந்தா நம்ம வீடுகள்ல நடுராத்திரி வரை டியூப் லைட் எரியும். ஒருத்தர் நெய்ய, ஒருத்தர் தார் சுத்துவோம். தூக்கம் வராம இருக்க வாயில புகையிலை. இதுதான் பெரிய ஆபத்து. நம்ம ஊரில் பிறந்த அறிஞர் அண்ணா 1969-ல் புற்றுநோயால்தான் காலமானார். காரப்பேட்டையில் அவர் பெயரிலேயே அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கு.

கூலிக்காக நெய்யுறவங்களை ராத்திரி நெய்யாதீங்கன்னு சொல்றது சுலபம் இல்லை. ஆனா இதையெல்லாம் செய்யலாம்:

* காலையிலும் படுக்கும் முன்பும் பல் துலக்குங்க. செங்கல் தூள், கரி வேண்டாம்.
* படுக்கும்போது விளக்கையும் செல்போனையும் அணைச்சிடுங்க.
* ஈறில் ரத்தம் வந்தால் அரசு மருத்துவமனை பல் பிரிவுக்குப் போங்க. சர்க்கரையும் பாருங்க.
* வாய்ப்புண்ணோ வெள்ளைத் திட்டோ 2 வாரத்துக்கு மேல் இருந்தால் உடனே காட்டுங்க.
* கர்ப்பிணிகளும், வேறு மருந்து சாப்பிடுறவங்களும் டாக்டரைக் கேட்காம மெலடோனின் வாங்காதீங்க.

தனியாப் போகத் தயக்கமா இருந்தா குழுவா நாலு பேர் சேர்ந்து போங்க. அடுத்த கூட்டத்தில், யார் யார் பல் காட்டிட்டு வந்தீங்கன்னு கேட்பேன்!